மன்னாரில் ஓர் ஆறுமணிக் குருவி

மன்னாருக்குச் செல்வோர் பார்ப்பதற்கென்று ஒரு வரிசை உண்டு. போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டிற் கட்ட, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1696இல் புதுக்கிய கோட்டையை முதலிற் பார்ப்பர். பின்னர் பள்ளிமுனைக்குச் சென்று பெருக்கமரத்தின் அடியில் நின்று, பத்தொன்பதரை மீற்றர் சுற்றளவுள்ள அந்த மரத்தைக் கட்டிப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுவர். தலைமன்னார் இறங்குதுறையிற் சிறிது காற்று வாங்குவர். தீவுக்குள் நுழையுமுன் பாலாவிக் கரையில், தேவாரப் பாடல் பெற்ற திருக்கேதீச்சரத்தையும் வணங்கியிருந்தால் யாத்திரை நிறைவெய்தும். இவை அனைத்தையும் ஒரே பகலில் முடித்துக்கொண்டு மாலைப் பஸ்ஸில் ஊர் திரும்பிவிடலாம். பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர். அவர்கள் மன்னாரைப் பார்த்தவர்கள் அல்லர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அந்தத் தீவை அதன் விடியற்பொழுதிற் காணாதவர்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஆசிரியர்களுக்கான ஆறு நாட் பயிற்சி வகுப்பொன்றின் பொருட்டு, ஓர் ஒக்டோபர் மாதத்தில் அங்கே தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வகுப்பு காலை எட்டரைக்குத் தொடங்கும். அதற்கு முன்னுள்ள இரண்டரை மணி நேரமும் என்னுடையவை. பேராதனையில் என்னோடு ஒன்றாகப் படித்த நண்பர் ஒருவர் நகரின் ஓரத்தில் வீடு கட்டியிருக்கிறார். விடுதியிற் தங்குவேன் என்று நான் சொன்னதை அவருடைய தாயார் ஏற்கவில்லை. “எங்கட வீடு இருக்க என்ன விடுதி?” என்ற ஒரே கேள்வியில் அவ்விவகாரம் தீர்ந்தது.

ஒக்டோபர் மன்னாருக்கு ஒரு திருப்பமான மாதம். வரண்ட பூமியாகிய அத்தீவின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்துவிடும். ஆடி, ஆவணியில் வெடித்துக் கிடந்த நிலம் முதல் மழையில் மணம் வீசத் தொடங்கும்போது, வானத்தில் விருந்தினரும் வரத் தொடங்குவர். 1990இற் போரின்போது தகர்க்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக 2010இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தினூடே பஸ் செல்கையில், இருமருங்கிலும் சேற்று வெளியில் நீண்ட கால்களும் நீண்ட அலகுகளுமாய் நூற்றுக்கணக்கான பறவைகள் நிற்பதைக் காணலாம். பாலத்துக்கு இப்பால் வங்காலைச் சரணாலயம் இருக்கின்றது. 2008இற் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்ட 4,839 ஹெக்டேயர் நிலம் அது. ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் அங்கே வந்திறங்கும் காட்சியைப் படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து பெரிய பெரிய கமராக்களோடு ஆட்கள் வருகின்றனர்.

இத்தீவில் எதைத் தொட்டாலும் அது கடல் கடந்து வந்த கதையாகவே முடிகிறது. பெருக்கமரம் ஆபிரிக்க மண்ணுக்குரியது. வீதியின் நடுவே நின்று வாகனங்களை மறிக்கும் கழுதைகளையும் அந்த மரத்தையும் அராபிய வணிகரே கொண்டுவந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. நான் எழுத எடுத்துக்கொண்டது இவற்றைப் பற்றியன்று. ஒரு கோழிமுட்டையின் நிறையே உள்ள, கமராக்காரர் எவரும் தேடி வராத ஒரு சின்னஞ் சிறு விருந்தாளியைப் பற்றியே எழுதுகிறேன்.

அதன் பெயர் ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுப்பதால் வந்த பெயர். நம்மவர் வீடுகளில் மணிக்கூடு தொங்கத் தொடங்கிய பின்னரே இப்பெயர் பிறந்திருக்க வேண்டும். சிங்கள மக்கள் அதனை ‘அவிச்சியா’ என்பர். அழகிய ஆடையை மயில் கவர்ந்து சென்றுவிட்டதென்று அக்குருவி முறையிடுவதாக அவர்களிடையே ஒரு கதையும் வழங்குகிறது. இந்தியில் ‘நவரங்’, அதாவது ஒன்பது நிறத்தது என்பது பெயர். நானும் நிறங்களை எண்ணிப் பார்த்தேன். தவிட்டு நிறத் தலை, அதன் உச்சியிற் கறுப்புக் கோடு, கண்ணை மறைத்துப் பிடரி வரை ஓடும் மற்றொரு கறுப்புப் பட்டை, வெண்புருவம், வெண்தொண்டை, பச்சை முதுகு, தோளில் ஒளிரும் நீலம், இளமஞ்சட் காவி படர்ந்த மார்பு, வாலின் அடியிற் குங்குமச் சிவப்பு. வால் மட்டும் கத்தரித்து விட்டாற்போலக் குட்டையானது. ஆடையை இழந்த பின்னும் இவ்வளவு மிஞ்சியிருக்குமானால், இழக்குமுன் எப்படி இருந்திருக்கும்!

இக்குருவி நம் நாட்டிற் கூடு கட்டுவதில்லை. இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவின் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். பின்னர் தெற்கு நோக்கிப் புறப்படும். இமயத்தின் அடியிலிருந்து மன்னார் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு. அத்தனை தூரத்தையும் அது இரவிலேயே பறந்து கடக்கிறது. பகலில் எங்கேனும் புதரடியில் இறங்கி இரை தேடிக்கொள்ளும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் கடல். பறவைகளுக்கு அது பெரிய தூரமன்று என்று நினைக்கலாம். ஆனால் பல இரவுகள் பறந்து களைத்து வந்த உடலுக்கு இறுதி முப்பது கிலோமீற்றர் எப்படியிருக்கும் என்பதை, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் நம் வீட்டு முற்றங்களில் மயங்கி விழுந்து கிடக்கும் குருவிகளைக் கண்டவர்கள் அறிவர்.

அப்படி வந்த ஒன்றையே நான் கண்டேன்.

நண்பரின் வீட்டில், அடுக்களையின் பின்புறம் உடைந்த ஆட்டுக்கல் ஒன்று கிடக்கிறது. நாள்தோறும் சோறு வடித்ததும் முதற் பிடியை அம்மா அதன்மேல் வைப்பார். காகத்துக்கென்று வைப்பதுதான், ஆயினும் அணில் வரும், புலுனி வரும், சில வேளை கோழியும் வரும். “காகத்துக்கு வைச்சது காகத்துக்கு மட்டுமெண்டு எழுதியா வைச்சிருக்கு?” என்பார். நான் போய்ச் சேர்ந்த மறுநாட் காலை, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த என்னை அவர் மெல்லிய குரலில் அழைத்தார்.

“தம்பி, சத்தம் போடாமல் வந்து பாருங்கோ. இது ஆரெண்டு தெரியுதோ?”

ஆட்டுக்கல்லின் நிழலில், கல்லிலிருந்து சிந்திய சோற்றுப் பருக்கைகளை நாடி எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அங்கே அது நின்றது. முதலில் நிறங்களே கண்ணிற் பட்டன. பின்னரே அதன் நிலை. இடது சிறகு உடலோடு ஒட்டாமல், அவிழ்ந்த சால்வையின் தலைப்புப் போல நிலத்திற் தொங்கியது. இரண்டடி தத்தும், நிற்கும், எறும்பொன்றைக் கொத்தும், மறுபடி தத்தும். ஒன்றிரண்டு பருக்கைகளையும் கொத்தி விழுங்கியது. காகமொன்று மதிலில் வந்து குந்தியதும், தொங்கிய சிறகை இழுத்துக்கொண்டு தேசிமரத்தின் அடியில் ஓடி ஒளிந்தது. பறக்கவில்லை. பறக்க முயலவுமில்லை.

எப்படிக் காயம் பட்டது என்பதை அறிய அதிக நேரம் செல்லவில்லை. வீட்டின் கிழக்குப் புறத்தை நண்பர் அண்மையிற் புதுப்பித்து, தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடியாய் யன்னல் வைத்திருக்கிறார். விறாந்தை மின்விளக்கு இரவு முழுதும் எரியும். அக்கண்ணாடியில், ஆள் உயரத்தில், கைக்குட்டையளவில் ஒரு மங்கலான அடையாளம் இருந்தது. அதன் விளிம்பில் இரண்டு மெல்லிய தூவிகள் ஒட்டியிருந்தன. முதல்நாள் இரவு மேகம் மூடி மழை தூறியது. அத்தகைய இரவுகளிற் பறக்கும் பறவைகள் விளக்கொளியால் ஈர்க்கப்பட்டுத் திசை தடுமாறுவதும், கண்ணாடியைத் திறந்த வெளியென்று எண்ணி மோதுவதும் உலகெங்கும் அறியப்பட்டவை. மன்னாரிற் பறவைக்கு ஊறு என்றாலே இக்காலத்தில் எவரும் தீவின் தென்கரையைச் சுட்டிக் காட்டுவர். 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் தொடக்கி வைக்கப்பட்ட முப்பது காற்றாலைகள் அங்கே சுழல்கின்றன. அவை பற்றிய விவாதம் வேண்டியதே. ஆயினும் இக்குருவியைப் பொறுத்தவரையில், அதன் சிறகை ஒடித்தது ஒரு படித்த மனிதர் விருப்பத்தோடு வைத்த அழகிய யன்னல்.

வீட்டில் மூன்று கருத்துகள் எழுந்தன. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் நண்பரின் மகன், அயல் வீட்டிற் கிளிக்கூடு ஒன்று சும்மா கிடக்கிறது, அதைக் கொண்டுவந்து குருவியை அடைத்துச் சோறும் தண்ணீரும் ஊட்டிக் குணப்படுத்துவோம் என்றான். நண்பர், “விடு மச்சான், அது பிழைக்கிறதெண்டால் பிழைக்கும்” என்றார். ஆனால் அவர் குரலில் அமைதியில்லை. கண்ணாடியின் பக்கம் அவர் திரும்பவேயில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பையனின் எண்ணத்திற் குறை காண எனக்கு மனம் வரவில்லை. அடிபட்ட உயிரைக் கண்டதும் கையில் ஏந்தத் தோன்றுவது நல்ல இரத்தத்தின் அடையாளம். ஆயினும் பதினாறு வயது மாணவனுக்குச் சட்டத்தையும் சொல்லிவைக்க வேண்டும். காட்டுப் பறவையைப் பிடித்துக் கூட்டில் வளர்ப்பது, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும். சட்டம் கிடக்க, குருவியின் நன்மைதான் என்ன? குடும்பத்துக்குப் பழக்கமான கால்நடை வைத்தியர் ஒருவரோடு நண்பர் தொலைபேசியிற் பேசினார். அவர் சொன்னவற்றை வாசகருக்கும் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

கண்ணாடியில் மோதி நினைவிழந்து கிடக்கும் பறவையானால், காற்றுத் துளையிட்ட மட்டைப் பெட்டியொன்றிற் பழந்துணி விரித்து, மெதுவாக உள்ளே வைத்து மூடி, இருட்டும் அமைதியும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். திறந்து திறந்து பார்த்தலாகாது. பல பறவைகள் ஓரிரு மணி நேரத்தில் மயக்கம் தெளிந்து பறந்துவிடும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுதல் பெருந்தீங்கு. பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால், நாம் கருணையோடு ஊற்றும் நீர் நெஞ்சுக்குட் சென்று அதனைக் கொன்றுவிடும். அசையாமற் கிடந்தாலும், குருதி கசிந்தாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும் தாமதியாது வைத்தியரிடமோ வனசீவராசிகள் திணைக்களத்தாரிடமோ சேர்ப்பிக்க வேண்டும். இந்தக் குருவியோ தத்துகிறது, இரை பொறுக்குகிறது, ஆளைக் கண்டால் ஒளிகிறது. இதனைத் துரத்திப் பிடிக்கப் போனால், வெறும் பிளவாக இருக்கும் எலும்பு முழுதும் முறிந்துபோகலாம். பறவையின் எலும்பு மெல்லியது, காற்றறைகள் கொண்டது. எனினும் நம் எலும்பைவிட விரைவிற் பொருந்தும் இயல்புடையது. இரண்டு மூன்று வாரம் அது உயிர்தரித்து இருக்குமானால் நம்பிக்கை உண்டு என்றார்.

உயிர்தரித்து இருக்குமா என்பதே கேள்வி. தகைவிலான் குருவிக்குச் சிறகு ஒடிந்தால் அதன் கதை அன்றோடு முடிந்தது. பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும் அதற்குச் சிறகே சோறு. ஆறுமணிக் குருவியோ காலால் வாழ்வது. நிலத்தில் உதிர்ந்த சருகுகளை அலகாற் புரட்டி, அடியில் இருக்கும் புழு, பூச்சி, கறையான், மண்புழு ஆகியவற்றை உண்பது. பறக்க முடியாவிடினும் அதற்கு வயிறு நிறையும், சருகு இருக்குமானால்.

சருகு எங்கே? அங்கேதான் இடர் இருந்தது. நம் பெண்களின் முற்றத்தைப் பற்றி வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையும் அந்திவேளையும் விளக்குமாற்றாற் கூட்டி, வரிவரியாகக் கோலம் போட்டாற்போல மணல் கிடக்க வேண்டும். ஓர் இலை கிடந்தாலும் வீட்டுக்காரிக்கு அது இழுக்கு. அம்மாவுக்கு எழுபது வயது; இன்றும் தம் முற்றத்தை மருமகளிடம் விட்டுக்கொடுப்பதில்லை. சருகெல்லாம் மூலையிற் குவிந்து புகையாய்ப் போய்விடும். அந்தச் சுத்தமான வெண்மணலில் ஆறுமணிக் குருவிக்கு உண்ண ஒன்றுமில்லை. அதனாலேதான் அது ஆட்டுக்கல்லை நாடி வந்தது. அடுக்களைக் கழிவுகளையும் இப்பறவை நிலத்திலிருந்து பொறுக்குவதுண்டு என்று பறவை நூலார் குறித்திருக்கின்றனர். ஆனால் பருக்கையைத் தின்று எலும்பு பொருந்துமா?

அன்று இரவு பையன் என்னிடம் தமிழ்ப் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த கதை. “மாமா, மயிலுக்குக் குளிருமா? அது போர்வையை என்ன செய்திருக்கும்?” என்றான். பேகனின் உள்ளத்தின் நெகிழ்ச்சியையே புலவர் போற்றினர், மயிலின் தேவையையன்று என்று வகுப்பிற் சொல்லும் விடையையே சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்ப, அந்தக் கிளிக்கூடும் போர்வை மாதிரித்தானே?” என்றான். இருபது ஆண்டு காலமாக அந்தப் பாடத்தைக் கற்பித்து வருகிறேன். இவ்வளவு செம்மையான உரையை எந்த மாணவனும் எனக்குச் சொன்னதில்லை.

மறுநாட் காலை ஐந்தரைக்கு விழித்தபோது, வழக்கமான விளக்குமாற்றின் ஓசை முன்முற்றத்திலிருந்து வந்தது. பின்புறம் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். கிணற்றடியிலிருந்து தேசிமரம் வரை, மாமரத்தின் கீழுள்ள நிலம் கூட்டப்படாமற் கிடந்தது. கிடந்தது மட்டுமன்று. மூலைக் குவியலில் எரிப்பதற்கு வைத்திருந்த சருகையும் அம்மா கடகத்தில் அள்ளி வந்து அங்கே பரப்பியிருந்தார். அதன்மேல் வாளியால் நீரும் தெளித்திருந்தார். ஈரம் கண்டால் மண்புழு மேலே வரும் என்பது அவர் கணக்கு. காகத்துக்கு வைக்கும் சோறு ஆட்டுக்கல்லிலிருந்து முன்புறத்து மதிலுக்கு இடம் மாறியிருந்தது. காகம் வந்து குந்தும் இடத்திற் குருவி நிம்மதியாக நிற்க முடியாதல்லவா? ஒரு மண்சட்டியின் உடைந்த அடிப்பாகத்தில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர். எவரும் அவருக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு வீடே வேலையில் இறங்கியது. பையன் அயலிற் சென்று உடைமுட் கிளைகளை வெட்டி வந்து, தேசிமரத்தைச் சுற்றி, குருவி நுழையவும் பூனை நுழையாதிருக்கவுமான இடைவெளி விட்டு அடுக்கினான். வீட்டுப் பூனையை விடியலிலும் அந்தியிலும் அடுக்களைக்குள் அடைத்து வைப்பதும் அவன் பொறுப்பாயிற்று. அவ்வேளைகளில் அது எழுப்பிய ஓலத்தைக் கேட்டால் அடிபட்டது பூனைதான் என்று அயலார் எண்ணியிருப்பர். நண்பர் மாலையிற் பனையோலை வாங்கி வந்தார். அதனைக் கிழித்து, நான்கு விரற்கடைக்கு ஒன்றாகக் கண்ணாடியின் வெளிப்புறத்திற் தோரணம் போலத் தொங்கவிட்டார். “திருவிழா வீடு போல இருக்கு” என்று அவர் மனைவி சிரித்தார். விறாந்தை விளக்கு அன்று முதல் ஒன்பது மணிக்கு அணைந்தது.

அடுத்த நாட்களில் நான் கண்டவை சிலவே. குருவி விடியலில் முள்ளுக்குள்ளிருந்து தலை நீட்டும். நெடுநேரம் அசையாமல் நிற்கும். பின்னர் தத்தி வந்து, சருகொன்றைக் கவ்வி ஒருபுறம் வீசி எறிந்து, அடியிற் பார்க்கும். பரீட்சைத் தாள்களைப் புரட்டும் ஓர் ஆசிரியரின் சலிப்பும் நம்பிக்கையும் அச்செயலில் இருந்தன. மூன்றாம் நாள் நல்ல மழை. மழை ஓய்ந்ததும் மண்புழு ஒன்றை இழுத்தெடுத்து, தன் கால்களை ஊன்றிப் பின்னே சாய்ந்து அது பட்ட பாட்டைக் கண்டு பையன் வாய்பொத்திச் சிரித்தான். இரவில் அது எங்கே தூங்குகிறது என்று முதலில் விளங்கவில்லை. இக்குருவிகள் மரக்கிளையிற் தங்குபவை. நான்காம் நாள் அந்தியில் அதுவும் புலனாயிற்று. தேசிமரத்தின் கீழ்க்கிளைக்கு ஒரு தத்தல், அடுத்த கிளைக்கு ஒரு தத்தல், ஒவ்வொன்றுக்கும் நடுவே நீண்ட ஓய்வு என்று ஏணியேறுவது போல ஏறி, முட்களின் நடுவே மூன்றடி உயரத்தில் உருண்டையாக ஒடுங்கிக்கொண்டது.

அது குரல் கொடுக்கவில்லை. நாள்தோறும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நாங்கள் அனைவரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். அயல் வளவின் பற்றைக்குள்ளிருந்து வேறொரு குருவியின் இரட்டைச் சீழ்க்கை எழும். நம்முடையது தலையைச் சாய்த்துக் கேட்கும், மறுமொழி சொல்லாது.

ஒன்றை நான் கவனித்தேன். குருவி இரை தேடி வெளியே வரும் வேளைகளில் அம்மா அதனைப் பார்ப்பதில்லை. நாங்கள் யன்னலோரத்தில் முண்டியடித்துக்கொண்டு நிற்போம்; அவர் முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி புடைப்பார். ஐந்தாம் நாள் காலை காரணத்தைக் கேட்டேன். சுளகை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபோது, மன்னார்க் கரையிலிருந்து பல்லாயிரம் பேர் வள்ளங்களில் இராமேசுவரம் நோக்கிச் சென்றனர். அம்மாவும் சென்றார். நண்பருக்கு அப்போது பத்து வயது. வள்ளக்காரன் நள்ளிரவில் அவர்களை மணற்றிட்டு ஒன்றில் இறக்கி, இதுதான் கரை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான். விடிந்த பின்னரே நாற்புறமும் கடல் என்பது தெரிந்தது. சேதுவின் அத்திட்டுகளில் அவ்வாறு இறக்கிவிடப்பட்டோர் அக்காலத்தில் அநேகர். நிழலில்லை, நீரில்லை. வெயில் உச்சிக்கு ஏறும்போது அக்கரை மீனவர் ஒருவர் தம் வள்ளத்தைத் திட்டில் ஏற்றினார்.

“கலனோட தண்ணி தந்தவர், தம்பி. பேரும் கேக்கேல்லை, ஊரும் கேக்கேல்லை. நாங்கள் நாலைஞ்சு பொம்பிளையள், உடுப்பெல்லாம் நனைஞ்சு கிழிஞ்சு கிடந்தம். குடிச்சு முடியுமட்டும் அங்கால கடலைப் பாத்துக்கொண்டு நிண்டவர்.”

அவ்வளவே. மண்டபம் முகாமைப் பற்றியோ, அங்கே கழிந்த ஆண்டுகளைப் பற்றியோ, திரும்பி வந்தபோது கூரையற்று நின்ற வீட்டைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுளகை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கினார்.

ஆறாம் நாள் வகுப்பு முடிந்ததும் நான் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். பின்னர் நடந்தவை தொலைபேசியில் வந்த செய்திகள். பையனே பெரும்பாலும் பேசுவான். ஒன்பதாம் நாள் சிறகு சற்று மேலே ஏறியிருந்தது. பன்னிரண்டாம் நாள் இரு சிறகையும் விரித்து உதறியது. இடது சிறகில் உள்ள வெள்ளைப் புள்ளியைத் தான் முதன்முறையாகப் பார்த்ததாகச் சொன்னான். பதினைந்தாம் நாள் அயல் வீட்டுப் பூனை முட்களைத் தாண்டி வந்துவிட்டது. சருகின்மேல் இரண்டு பச்சை இறகுகள் கிடந்தன. அன்று அவன் குரல் அடைத்திருந்தது. மறுநாள் பரீட்சைக்குப் படிக்கவுமில்லை என்று தந்தை குறைப்பட்டார். ஆனால் பதினாறாம் நாள் அந்தியில் அது மதிலின்மேல் நின்றது. ஏணியேறுவது போல ஏறக்கூடிய கிளை எதுவும் அம்மதிலின் அருகில் இல்லை. அது பறந்தே ஏறியிருக்க வேண்டும்.

அதன்பின் முற்றத்துக்கு அது வரவில்லை. இப்போது அயல் வளவின் பற்றைக்குள்ளிருந்து மாலை ஆறு மணிக்கு இரண்டு சீழ்க்கைகள் கேட்கின்றனவாம். ஒன்று பழையது, மற்றது சற்றுக் கரகரப்பானது. கரகரப்பான குரல் நம்முடையதே என்பது பையனின் வாதம். அதை எப்படி நிறுவுவாய் என்று தந்தை கேட்கிறார். அம்மா இவ்விவாதத்திற் கலந்துகொள்வதில்லை. மாமரத்தடியையும் இன்றுவரை கூட்டுவதில்லை.

இக்குருவிகள் ஏப்பிரல் மாதமளவில் வடக்கே திரும்பும். அதுவரை ஒரு சிறு எல்லையை வகுத்துக்கொண்டு அதற்குள்ளேயே இரை தேடி வாழும். அந்த அயல் வளவின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். பற்றையை வெட்டித் துப்புரவாக்கி மதில் கட்டுவதற்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் அளவெடுத்துச் சென்றிருக்கிறார். தை பிறந்ததும் வேலை தொடங்குமென்று பேச்சு. சித்திரை வரையிற் பொறுக்க முடியுமா என்று கேட்டு நண்பர் சொந்தக்காரருக்கு எழுதியிருக்கிறார். ஒரு குருவிக்காக மதிலை நான்கு மாதம் நிறுத்தச் சொல்லிக் கேட்பது எப்படி என்று தயங்கி, கடிதத்தை மூன்று முறை கிழித்தாராம். நான்காவதைப் பையன் எழுதினான். நண்பர் கையெழுத்து வைத்தார். மறுமொழியை எதிர்பார்த்திருக்கின்றனர்.